கூழாமடுக்குளத்தில் இரண்டு சம்பந்திகள்

தோமஸ் ஒட்டுசுட்டானில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் பிள்ளைச் சட்டைகளும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் இருந்தன. எல்லாம் மனைவி அருளம்மா கட்டிக் கொடுத்தவை. அவருடைய பங்குக்கு ஒன்றும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, மீசை முளைக்க முதலே கடலுக்குப் போன ஆள், பிள்ளை பெற்ற மருமகளைப் பார்க்க மீன் இல்லாமல் போகிறார் என்றால் அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை என்பது அவருடைய எண்ணம். ஆனால் வாடைக்காற்று தொடங்கிக் கன நாளாகிவிட்டது. கரையில் வள்ளங்கள் எல்லாம் கவிழ்த்துக் கிடந்தன. சந்தையில் இருந்தது வேறு எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்த மீன். ஐஸ் மீனைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் நிற்பதைவிட வெறுங்கையோடு நிற்கலாம் என்று முடிவெடுத்து வந்திருந்தார்.

சம்பந்தியின் பெயர் சங்கிலி. மலையகத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். சின்ன வயதில், அங்கே அடிபட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கூழாமடுக்குளத்துக்குக் கீழே வயல் செய்து ஊன்றிவிட்டவர். அவருடைய மகள் கௌசலாவும் தோமஸின் மகன் துசியந்தனும் வவுனியாவில் ஒரே இரும்புக்கடையில் வேலை செய்தார்கள். ஒருவர் பில் போட, மற்றவர் ஆணி நிறுத்தார். கடைசியில் இரண்டு வீட்டுக்கும் சேதி வந்தது. இரண்டு வீடும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு கலியாணத்துக்கு ஓம் என்றன.

கலியாணம் கடற்கரையில் மாதா கோயிலில் நடந்தது. சங்கிலி குடும்பத்தோடு வந்தார். பின்வரிசை வாங்கில் நேராக இருந்தார். எழும்பச் சொன்னபோது எழும்பினார், இருக்கச் சொன்னபோது இருந்தார். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் முகம் நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தோமஸோடு கதைக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சொல் கதைக்கவில்லை. கண்டால் தலையாட்டுவார். ஏதும் கேட்க வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கேட்பார்.

தோமஸுக்குக் காரணம் விளங்கியிருந்தது. கோயிலில் கலியாணம் வைத்ததுதான். அந்த மனிதன் மனதுக்குள் வைத்துப் பொருமுகிறார். தான் பங்குச் சுவாமியோடு மல்லுக்கட்டி மஞ்சள் கயிற்றுத் தாலிக்குச் சம்மதம் வாங்கியதையும், பந்தலில் நிறைகுடம் வைக்க இடம் விட்டதையும் இந்த ஆள் கணக்கில் எடுக்கவில்லையே என்று தோமஸுக்கும் கோபம். ஆகவே அவரும் கதைக்கவில்லை.

கௌசலா பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். துசியந்தன் வவுனியா நெளுக்குளத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனான். அருளம்மா முதலே வந்து பார்த்துவிட்டாள். தோமஸ்தான் மிச்சம்.

வீட்டில் அவரை மரியாதையாக வரவேற்றார்கள். சங்கிலியின் மனைவி சிவலட்சுமி கதிரையைத் துடைத்துப் போட்டாள். கௌசலா பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினாள். ஆண்பிள்ளை. நெற்றியில் பெரிய கறுத்தப் பொட்டு. தோமஸ் அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகனுடைய கால்தான் என்றார். விறாந்தையின் மற்ற மூலையில் இருந்த சங்கிலி, கால் தன்னுடைய அப்பாவின் கால் என்று மனைவியிடம் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டின்போது சிவலட்சுமி, மகளுக்கு நாலைந்து நாளாக வெறும் முட்டையும் கீரையும்தான் போகிறது என்று சொன்னாள். பிள்ளைக்குப் பால் போதாமல் இருக்கிறது, ஒரு விரால் கிடைத்தால் மிளகும் சீரகமும் அரைத்துச் சரக்குக்கறி வைத்துக் கொடுக்கலாம் என்றாள். அவள் அதை யாரையும் குத்திச் சொல்லவில்லை. ஆனால் தோமஸின் கையில் பிடித்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது.

"நாளைக்கு விடியப் போய்ப் புடிச்சிட்டு வர்றேன்னு சொல்லு," என்றார் சங்கிலி.

"நானும் வாறன் எண்டு சொல்லுங்கோ," என்றார் தோமஸ்.

சிவலட்சுமி ஒருவரையும் பார்க்காமல், "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

விடியற்காலையில் இரண்டு பேரும் ஒரு சைக்கிளில் புறப்பட்டார்கள். சங்கிலி ஓட்டினார். தோமஸ் பின்கரியரில் இருந்து துடுப்புகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். ஹாண்டிலில் சிவலட்சுமி கட்டித்தந்த ரொட்டிப் பொதி தொங்கியது. மார்கழிப் பனி வயலுக்கு மேலே வெள்ளையாகக் கிடந்தது. பாதையில் யானை லத்தி ஈரம் காயாமல் குவியலாகக் கிடந்தது. சங்கிலி அதைச் சுற்றி ஓட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் பின்னால் இருந்தார், அவரிடம்தான் சொல்ல முடியாதே.

குளம் மழைக்கு நிரம்பி, ஓரத்து மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. ஒரு மருதமரத்தில் இரும்புச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தது வள்ளம். அதை வள்ளம் என்று சொல்லத் தோமஸுக்கு வாய் வரவில்லை. செம்மஞ்சள் நிறம், பிளாஸ்ரிக், நீளமான பாகற்காய் மாதிரி. இருக்க இரண்டு குழி. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் இந்தக் குளத்தில் சுற்றுலா நடத்தப் போகிறோம் என்று வந்து, இரண்டு கயாக் இறக்கி, நாடா வெட்டி, படம் எடுத்துவிட்டுப் போனது. சுற்றுலாக்காரர் வரவில்லை. யானைகள் வந்தன. ஒரு கயாக்கை ஒரு யானை மிதித்துப் பார்த்தது. மிச்சமிருந்ததைக் காவல்காரன் என்ற முறையில் சங்கிலி வைத்துக்கொண்டார். காவலுக்குச் சம்பளம் நின்று கனகாலம். கயாக் மட்டும் நின்றது.

அதோடு வந்த மிதவைச் சட்டை ஒன்று வீட்டில் இருந்தது. முதல்நாள் இரவு அதைத் தோமஸுக்குக் கொடுக்கும்படி சங்கிலி மனைவியிடம் சொல்லியிருந்தார். இவ்வளவு காலம் கடலுக்குப் போனவனுக்கு எதற்குச் சட்டை என்று தோமஸ் மறுத்தார். விருந்தாளி போடாததை வீட்டுக்காரன் போட்டால் நன்றாக இருக்காது என்று சங்கிலியும் விட்டுவிட்டார். சட்டைக்குள் கோழி அடைகிடந்தது. அதை எழுப்ப வேண்டியும் வரவில்லை.

தோமஸ் கயாக்கைச் சுற்றி வந்து பார்த்தார். அடியில் துளைகள் இருந்தன. ஒன்றல்ல, பல. ஓட்டை விழுந்த வள்ளத்தை அவர் நிறையக் கண்டிருக்கிறார். வேண்டுமென்றே ஓட்டை போட்டுச் செய்த வள்ளத்தை இப்போதுதான் காண்கிறார். தோளில் கிடந்த பழந்துணியைக் கிழித்துத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்.

சங்கிலி மருதமரத்தைப் பார்த்து, "அந்த ஓட்டை தண்ணி வெளிய போறதுக்கு," என்றார்.

"உள்ளுக்கு வராதோ," என்று தோமஸ் குளத்தைக் கேட்டார்.

மரமும் பதில் சொல்லவில்லை, குளமும் சொல்லவில்லை. துணி அடைத்தபடியே இறங்கினார்கள். தோமஸ் முன்குழியில், சங்கிலி பின்குழியில். கயாக் தாழ்ந்தது. துடுப்பில் இருந்து வழிந்த தண்ணீர் குழிக்குள் சேர்ந்து, போக வழி இல்லாமல் அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் தோமஸ் குளிர்ந்த தண்ணீரில் இருந்தார். கடல் விடியற்காலையில் சூடாக இருக்கும். கையை விட்டால் சுகமாக இருக்கும். இந்தத் தண்ணீர் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள்ளால் ஏறி முதுகெலும்பைப் பிடித்தது. துளைகளைத் திறக்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திறந்தால் பின்னால் இருக்கிறவர் பார்ப்பார். திறக்கவில்லை.

தாமரைக்கொடிகள் தடித்துக் கிடந்த ஒரு மூலையில் நிறுத்தினார்கள். சங்கிலி தூண்டிலில் சின்னத் தவளையைக் கொளுவி, இலைகளுக்கு நடுவே போட்டு, தடி நுனியால் மெல்லத் துள்ளவிட்டார். தோமஸுக்கும் ஒரு தடி இருந்தது. வலைக்காரனுக்குத் தூண்டில் பொழுதுபோக்கு. இருந்தாலும் போட்டார். பேச ஆள் இல்லாததால் இரண்டு பேரும் நல்ல அமைதியாக இருந்தார்கள். விராலுக்கு அது பிடித்திருக்க வேண்டும். முதலில் சங்கிலியின் தடி வளைந்தது. முழங்கை நீளத்தில் ஒரு விரால் இலைகளைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் அதைக் கழற்றி, கயாக்கின் கைப்பிடியில் தொங்கிய நைலோன் பைக்குள் போட்டார். தோமஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்குள் விழுந்த சத்தத்தை வைத்து நிறையை மதித்தார்.

பிறகு தோமஸின் தடியில் ஒன்று பிடித்தது. அது பெரிது. எவ்வளவு பெரிது என்றால், கரை ஏறியதும் பையில் கிடக்கும்போது தானாகவே தெரியும் அளவுக்குப் பெரிது. அவர் எதுவும் சொல்லாமல் அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். சங்கிலி வாங்கிப் பையில் போட்டார். அவரும் எதுவும் சொல்லவில்லை. தோமஸுக்கு அன்று காலையில் முதன்முறையாகக் குளிர் குறைந்தது.

வெயில் ஏற, பனி கலைந்து கரை தெரிந்தது. மருதமரம் தெரிந்தது. சைக்கிள் தெரிந்தது. சைக்கிளுக்குப் பக்கத்தில் வரும்போது இல்லாத ஒரு பாறையும் தெரிந்தது. பாறை தும்பிக்கையை நீட்டி ஹாண்டிலில் தொங்கிய ரொட்டிப் பொதியை எடுத்து, கடதாசியோடு வாய்க்குள் வைத்தது.

"தனியன்," என்றார் சங்கிலி, தாமரை இலைகளிடம்.

கூட்டம் சேராத ஆண்யானை. தோமஸ் யானையைப் பஸ் யன்னலால்தான் பார்த்திருக்கிறார். அது சைக்கிளைக் காலால் கொஞ்சம் தள்ளியது. சைக்கிள் விழுந்தது. அதற்குமேல் அதில் யானைக்கு அக்கறை இருக்கவில்லை. அது குளத்தைப் பார்த்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. முழங்கால், வயிறு, முதுகு என்று ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போய், கடைசியில் தலையின் மேற்பகுதியும் நீட்டிய தும்பிக்கையும் மட்டும் மிதந்தன. அவை இவர்களை நோக்கி வந்தன.

யானை நீந்தும் என்று தோமஸுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சங்கிலி வலப்பக்கம் துடுப்பு வலித்தார். தோமஸ் இடப்பக்கம் வலித்தார். கடலில் வலிக்கிற பழக்கத்தில் பின்னுக்குத் தள்ளி வலித்தார். ஒருவர் முன்னுக்கும் மற்றவர் பின்னுக்குமாக வலிக்க, கயாக் இருந்த இடத்திலேயே வட்டமாகச் சுற்றியது. ஒரு சுற்றில் யானை முன்னால் தெரிந்தது. அடுத்த சுற்றில் காடு தெரிந்தது. மறுபடி யானை தெரிந்தபோது அது இன்னும் கிட்ட வந்திருந்தது. எந்தப் பக்கம் போவது என்று பார்க்க வேண்டும். கடலில் அப்படிப் பார்க்க வேண்டிவந்தால் தோமஸ் என்ன செய்வாரோ அதைச் செய்தார். எழும்பி நின்றார்.

கயாக் உடனே கவிழ்ந்தது.

தண்ணீர் தலைக்கு மேலே மூடியதும் தோமஸுக்கு மூச்சு நின்றுபோனது. மேலே வருவதற்கு வழக்கத்தைவிட அதிகமாக உதைக்க வேண்டியிருந்தது. கடல் ஆளைத் தானே தூக்கித் தரும். இந்தக் குளம் அப்படி ஒரு உதவியும் செய்யவில்லை. காலைத் தாமரைக்கொடி சுற்றியது. சாரம் கழன்று போனது, போகட்டும் என்று விட்டார். மேலே வந்து பார்த்தால் கயாக் அடிப்புறம் மேலாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. கை ஒன்றையும் பிடிக்காமல் காற்றில் விரிந்து மூடியது.

தோமஸ் போய் அந்தக் கையைப் பிடித்தார். கை அவருடைய கழுத்தைப் பிடித்தது. இரண்டு பேரும் கீழே போனார்கள். கடலில் அவர் முன்பு ஒருமுறை ஆள் இழுத்திருக்கிறார், அதனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. சங்கிலியை மறுபக்கமாகத் திருப்பி, சேட் கொலரில் பிடித்து, மேலே தூக்கிக் கயாக்கின்மேல் சாத்தினார். அது வழுக்கியது. பிடிக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் துளைகள் கண்ணில் பட்டன. தான் அடைத்த துணியைத் தானே பல்லால் கடித்து இழுத்தெடுத்துத் துப்பிவிட்டு, சங்கிலியின் விரல்களை ஒவ்வொன்றாகத் துளைகளுக்குள் கொளுவினார்.

அந்த நேரம் யானை வந்து சேர்ந்தது. அது இவர்களைப் பார்த்ததா என்று தெரியவில்லை. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், தும்பிக்கையால் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு, தன் பாட்டில் கடந்து போனது. அது எழுப்பிய அலையில் கயாக் ஒருமுறை ஏறி இறங்கியது. எதிர்க்கரைக்குப் போய், ஏறி, உடம்பை ஒருதரம் உலுக்கிவிட்டு, காட்டுக்குள் போய்விட்டது. அது குளத்தைக் கடக்கத்தான் வந்தது. இவர்கள் வழியில் நின்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சங்கிலி நெடுநேரம் இருமினார். வாயாலும் மூக்காலும் தண்ணீர் வந்தது. பிறகு, கன்னத்தைச் செம்மஞ்சள் பிளாஸ்ரிக்கில் வைத்தபடி, மரத்தையும் இலையையும் பார்க்காமல் தோமஸைப் பார்த்துச் சொன்னார்.

"சம்பந்தி, விட்டுறாதீங்க."

"விடமாட்டன்," என்றார் தோமஸ். ஒரு கை இன்னமும் கொலரில்தான் இருந்தது. "நீந்தத் தெரியாதோ?"

"தெரியாது."

"பிறகு எப்பிடி இவ்வளவு காலமும் இதில மீன் பிடிச்சனீங்கள்?"

சங்கிலி யோசித்தார். "எந்திரிச்சு நின்னதில்ல," என்றார்.

வாடைக்காற்று மெல்ல இவர்களைக் குளக்கட்டுப் பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. காற்றுக்கு அவசரம் இல்லை. தோமஸ் காலால் உதைத்துக் கொஞ்சம் உதவினார். சங்கிலியின் பற்கள் அடித்துக்கொண்டன. மலையில் பிறந்தவருக்குக் குளிர் பெரிதில்லை என்று கௌசலா முன்பு சொல்லியிருந்தாள். அது மலைக்குளிருக்குச் சரியாக இருக்கலாம். ஆள் நித்திரையாகிவிட்டால் கை கழன்றுவிடும் என்று தோமஸுக்குப் பயம் வந்தது. கதை கொடுக்க வேண்டும். கதைக்க வேறு என்ன இருக்கிறது?

"கோயில்ல கலியாணம் வைச்சது பிடிக்காட்டி அப்பவே சொல்லியிருக்கலாம்," என்றார்.

"எந்தக் கோயில்ல?"

"மாதா கோயில்ல. அதுக்குத்தானே என்னோட கதைக்காமல் இருக்கிறியள்."

சங்கிலி தலையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. "மாதாவோட எனக்கு என்னங்க சண்டை. தோட்டத்துல எங்க லய வீட்டுக்குப் பக்கத்துலயே மாதா படம்தான். நாங்களும் வௌக்கு வைப்போம்."

தோமஸ் உதைப்பதை நிறுத்தினார். இவ்வளவு காலமும் மனதுக்குள் அந்த மனிதனோடு வாதாடி வென்ற வாதங்கள் எல்லாம் இருந்தன. எல்லாம் கோயிலைப் பற்றியவை. வேறு எதற்கும் அவரிடம் ஒரு வாதமும் தயாராக இல்லை.

"அப்ப ஏன் கதைக்கேல்லை?"

சங்கிலி கன்னத்தை மறுபக்கம் திருப்பினார். சொல்வதற்கு வெட்கப்படுகிறார் என்று தெரிந்தது. கழுத்தளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டு ஒரு மனிதன் வெட்கப்படுவதைத் தோமஸ் முதன்முறையாகக் கண்டார்.

"கை கழுவுற எடத்துல நான் பின்னாடி நின்னேன். நீங்க யாருகிட்டயோ சொன்னீங்க. குளத்து மீன் சேத்தைத் தின்னுற மீன், அதைத் தின்னுறவங்க வீட்டுப் பக்கம் போனாலே அந்த மணம்தான் அடிக்கும்னு."

தோமஸ் நினைவைத் துழாவிப் பார்த்தார். கலியாண நாள் நினைவில் இருந்தது. சாப்பாடு நினைவில் இருந்தது. கை கழுவிய வாளியின் நிறம்கூட நினைவில் இருந்தது. இந்தக் கதை மட்டும் இல்லை. ஆனால் சொன்ன சொற்கள் அவருடைய வாயில் இருந்து வரக்கூடியவைதான். கரையில் இருக்கிறவர்கள் குளத்து மீனைப் பற்றிச் சொல்கிற கதை அது. அவர் வாழ்நாளில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ. அதைக் கேட்டு ஒரு மனிதன் கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கிறான். மகளை அந்த வீட்டுக்கு அனுப்பிய நாளில்.

"சொல்லியிருப்பன்," என்றார்.

"சொன்னீங்க."

"பகிடிக்குச் சொல்லியிருப்பன்."

"யாரும் சிரிக்கலையே."

காற்று இன்னும் கொஞ்சம் தள்ளியது. தோமஸ் மறுபடி உதைக்கத் தொடங்கினார். குளத்தின் நடுவில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு யாரும் இல்லாத இடத்தில், சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது.

"பிழைதான்," என்றார்.

சங்கிலி கண்ணை மூடித் திறந்தார். பிறகு சரி என்பதுபோலப் பிளாஸ்ரிக்கில் கன்னத்தை ஒருமுறை அசைத்தார். தலையாட்ட அவ்வளவுதான் இடம் இருந்தது.

"நான் குடிச்ச தண்ணிக்கு," என்றார் தோமஸ், "இனி என்னிலயும் அந்த மணம்தான் அடிக்கும்."

சங்கிலி சிரிக்கப் போய் மறுபடி தண்ணீர் குடித்தார். தோமஸ் கொலரை இழுத்து உயர்த்தினார். கால் நிலத்தில் பட்டபோது இரண்டு பேருக்கும் அது உடனே விளங்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இன்னும் கொஞ்ச நேரம் கயாக்கைப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குளக்கட்டுக் கல்லில் ஏறி இருந்தார்கள்.

மீன் பை கைப்பிடியிலேயே கிடந்தது. வாய் அவிழ்ந்திருந்தது. உள்ளே ஒரு விரால் மட்டும் உயிரோடு புரண்டது. சின்னது. பெரியது போய்விட்டது. தோமஸ் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க புடிச்சது பெருசுதான்," என்றார் சங்கிலி. "நான் பார்த்தேன்."

அதைக் கேட்டதும் தோமஸுக்கு மனம் ஆறியது.

கயாக்கைக் கல்லில் ஏற்றிக் கட்டிவிட்டு, கட்டுவழியே நடந்தார்கள். தோமஸிடம் ஒரு கட்டைக் காற்சட்டை மட்டும் மிச்சம். சங்கிலி தன் இடுப்பில் முறுக்கிக் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துப் பிழிந்து அவருக்குக் கொடுத்தார். எதிரே மண்வெட்டியோடு வந்த ஒரு வயற்காரர், இந்தக் குளிரில் காலமையே குளித்துவிட்டு வருகிறீர்களா என்று கேட்டார். ஓம் என்றார் சங்கிலி. வயற்காரர் துவாயையும் பார்த்தார், மீனையும் பார்த்தார், மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு போனார்.

சைக்கிளின் முன்சில்லு வளைந்திருந்தது. அதை உருட்ட முடியாமல் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த நடையில்தான் தோமஸ் பிள்ளையின் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டார். துசியந்தன் கேட்கத் தயங்கிக்கொண்டு இருப்பதாகச் சொன்னார். பெயர் வைக்கிற சடங்கைச் சங்கிலி வீட்டு முறைப்படி பிள்ளையார் கோயிலில் செய்யலாம், தான் முன்னால் நிற்பேன் என்றும் சொன்னார்.

சங்கிலி சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு நின்றார். "ஞானஸ்நானம்னா தண்ணியில முக்குவாங்களா?"

"முக்கமாட்டினம். தலையில கொஞ்சம் ஊத்துவினம்."

"எவ்வளவு?"

தோமஸ் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். சங்கிலி அந்தக் கையைக் கவனமாகப் பார்த்தார்.

"அப்படின்னா பரவாயில்ல," என்றார். மறுபடி தூக்கினார்கள்.

வீட்டில் சிவலட்சுமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். படலையைத் திறந்து வந்த இரண்டு பேரையும், சைக்கிளையும், துவாயையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். யானை வந்தது என்று சங்கிலி சொன்னார். நான் எழும்பி நின்றனான் என்று தோமஸ் சொன்னார். இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்ள அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, புருசனின் தலையை முந்தானையால் துடைத்தாள். பிறகு அதே முந்தானையின் மற்ற முனையைத் தோமஸிடம் நீட்டினாள். நீட்டிய பிறகு சம்பந்தி என்பது நினைவு வந்து, உள்ளே போய்ப் புதுத் துவாய் எடுத்து வந்தாள்.

சங்கிலியின் சாரமும் சேட்டும் தோமஸுக்குக் கட்டையாக இருந்தன. இரண்டு பேரையும் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் இருத்தி, ஆளுக்கொரு கோப்பை மல்லிக்கோப்பி கொடுத்தாள். அடுப்பில் விராலுக்குச் சரக்கு வறுபட்டது. தோமஸ் இருக்கும் இடத்தில் இருந்து சங்கிலி மீன் வெட்டுவதைப் பார்த்தார். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கோ என்றார். சங்கிலி விட்டார். அதைச் சொல்ல நடுவில் யாரும் தேவைப்படவில்லை என்பதைச் சிவலட்சுமி கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளாமல் மிளகை அரைத்தாள்.

கௌசலா பிள்ளையோடு குசினி வாசலுக்கு வந்தாள். நடந்ததை அவள் அறைக்குள் இருந்தே கேட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. மாமனாரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். யாருக்கு முதலில் ஏசுவது என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் பொதுவாக, தனக்கு மீனே வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன் என்றாள். அவள் ஒருதரமும் சொல்லியிருக்கவில்லை. யாரும் மறுக்கவில்லை.

தோமஸ் கோப்பையை வைத்துவிட்டுப் பிள்ளைக்காகக் கையை நீட்டினார். அதே நேரத்தில் சங்கிலியும் மீன் கையைக் கழுவிவிட்டு நீட்டினார். கௌசலா குனிந்து, தன் புறங்கையால் இரண்டு பேருடைய கைகளையும் தொட்டுப் பார்த்தாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு," என்றாள். "சூடாகட்டும். பிறகு தாறன்."

இரண்டு பேரும் அடுப்புப் பக்கம் திரும்பிக் கைகளை நெருப்புக்கு நேரே பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் பொறுத்து அவள் மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்றாள்.